முதன்முறை பாடம் எடுக்கப் போகிறேன்: உங்கள் மனதில் நின்ற விரிவுரையாளர் அப்படி என்ன செய்தார்?

புதுச்சாக்பீஸ்:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. அடுத்த செமஸ்டரில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அறிமுகப் பாடத்தை நான்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று வகுப்பு, வகுப்பில் 80 பேர். இதுவரை நான் பேசியதெல்லாம் கருத்தரங்குகளில் இருபது நிமிடம், அதுவும் கேட்டவர்களில் பாதிப் பேர் என் ஆய்வக நண்பர்கள்.

மூத்தவர்களைக் கேட்டால் "பாடத்திட்டத்தை முடித்துவிடு, அது போதும்" என்கிறார்கள். கற்பித்தல் பற்றிய புத்தகங்களைத் திறந்தால் "மாணவரை மையமாக வை" என்கின்றன. சரி, வைக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு என்ன செய்வது?

அதனால் படித்தவர்களையும் படித்துக்கொண்டிருப்பவர்களையுமே கேட்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "நன்றாக நடத்துவார்", "அன்பாகப் பழகுவார்" என்று நிறுத்திவிடாதீர்கள். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:

ஸ்லைடை வாசிக்காதீர்கள். எங்களுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஒருவர் செமஸ்டர் முழுக்கத் திரையைப் பார்த்தே பேசினார். அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது, பின்னந்தலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாமாண்டு_இயற்பியல்:

எங்களுக்கு இயக்கவியல் எடுத்தவர் கையில் குறிப்பே கொண்டுவர மாட்டார். மாணவர் யாராவது ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், அவர் அதை அங்கேயே போடுவார். ஒரு நாள் பாதிக் கரும்பலகை நிரம்பிய பிறகு எதிர்மறையாக வரவே முடியாத இயக்க ஆற்றல் எதிர்மறையாக வந்து நின்றது. வகுப்பில் சிரிப்பு. அவர் அழிக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து நின்று, "எங்கேயோ வழுக்கியிருக்கிறேன், எங்கிருந்து தேடலாம்?" என்று கேட்டார். முதலில் அலகுகளைச் சரிபார்த்தார். அப்புறம் கோணத்தைப் பூஜ்ஜியமாக வைத்தார். அந்த நிலையில் விடை என்ன வரவேண்டும் என்று எங்களுக்கே தெரியும். அதை வைத்து வரி வரியாக இறங்கினார். நான்காவது வரியில் ஒரு குறி மாறியிருந்தது.

பத்து நிமிடம் போயிற்று. ஆனால் பாருங்கள், மற்றவர்கள் போட்ட கணக்குகள் எல்லாம் பலகையில் வழுக்காமல் ஓடும், வீட்டுக்கு வந்து நான் போட்டால் மட்டும் வழுக்கும். எனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வருவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பாதரசம்:

எல்லோரும் அறிவாளித்தனமாக எழுதுகிறீர்கள், நான் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுவாரசியமாகப் பேசுபவர்களைத்தான் பிடிக்கும். பாடம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் பேச்சில் உயிர் இல்லை என்றால் பதினைந்தாவது நிமிடம் கண் சொருகிவிடும். கையை ஆட்டிப் பேசுங்கள், வகுப்புக்குள் நடங்கள், நடுவில் ஒரு கதை சொல்லுங்கள். பின்னூட்டப் படிவத்தில் நான் ஐந்துக்கு ஐந்து போட்டதெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

எட்டாம்பக்கம்:

பாதரசம், நீங்கள் சொல்வதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. 1970இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு "டாக்டர் மைரன் ஃபாக்ஸ்" என்று பெயர் வைத்து, பொய்யான தகுதிகளைச் சொல்லி அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள். பேச்சு வேண்டுமென்றே உளறலாகத் தயாரிக்கப்பட்டது. புனைந்த சொற்கள், முன்னுக்குப் பின் முரண், ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்கள். ஆனால் மனிதர் கலகலப்பாக, கம்பீரமாகப் பேசினார், கேள்விகளுக்கும் அதே பாணியில் பதில் சொன்னார். படிவங்களில் நல்ல மதிப்பீடுகள் விழுந்தன. சிந்திக்கத் தூண்டிய பேச்சு என்றே பெரும்பாலோர் குறித்திருந்தார்கள். 1973இல் இது கட்டுரையாக வந்தபோது ஆய்வாளர்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993இல் வெளியிட்டது. பாடம் எடுப்பவர்களின் காணொளியிலிருந்து பத்துப் பத்து விநாடியாக மூன்று துண்டுகள், ஒலியை நிறுத்திவிட்டு, அவர்களை முன்பின் பார்த்திராதவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அந்த அரை நிமிட மதிப்பீடு, செமஸ்டர் முடிவில் சொந்த மாணவர்கள் போட்ட மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஒலியே இல்லை, கவனியுங்கள். பாடம் என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பாதரசம்:

படித்தேன், சிரித்தேன். ஆனால் நண்பரே, உளறுபவர் கலகலப்பாக இருக்க முடியும் என்றால், விஷயம் தெரிந்தவரும் கலகலப்பாக இருக்கலாம் அல்லவா? தூங்க வைப்பவர் ஆழமானவர் என்று எந்த ஆய்வு சொல்கிறது? நான் கேட்பது நடிப்பை இல்லை. அந்தப் பாடம் அவருக்கே பிடிக்கிறதா என்பது முகத்தில் தெரிய வேண்டும். அவருக்கே பிடிக்காததை நான் எதற்கு இரவு ஒரு மணி வரை படிக்க வேண்டும்?

எட்டாம்பக்கம்:

அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த முதல் சோதனையில் கேட்டவர்களுக்குத் தேர்வு எதுவும் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இரவுப்பறவை:

நான் பகலில் வேலை, மாலையில் படிப்பு. நான் மதிப்பதைக் கேட்டால் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். முதல் வாரமே எந்தத் தேதியில் என்ன தேர்வு, எந்த அசைன்மென்ட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் கொடுப்பவர். அதை நடுவில் மாற்றாதவர். மின்னஞ்சலுக்கு இரண்டு நாளில் பதில் போடுபவர், பதில் "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றே இருந்தாலும். வகுப்பை உரிய நேரத்தில் முடிப்பவர்.

மேதையாக இருந்த ஒருவர் அசைன்மென்ட் தேதியை மூன்று முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் நான் வேலையிடத்தில் முறை மாற்றிக் கேட்டு நின்றேன். அவருடைய மேதைமை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கடைசிவரிசை:

இதற்கு நூறு கைதட்டல். கூடவே வருகைப் பதிவு பற்றியும் யாராவது பேசுங்கள். பத்து நிமிடம் பெயர் வாசித்தே போய்விடுகிறது.

மூன்றாமாண்டு_இயற்பியல்:

வருகைப் பதிவு விரிவுரையாளர் கையில் இல்லை, நிர்வாகத்தின் விதி. அந்தச் சண்டையைத் தனி இழையில் போடுவோம், இல்லாவிட்டால் இந்த இழை அதோடு முடிந்துவிடும்.

அமைதிப்பூனை:

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். வகுப்பிலும் அப்படித்தான். என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" இந்தக் கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டுவிட்டு ஒரு நொடி பார்ப்பார்கள், யாரும் வாய் திறக்காவிட்டால் "சரி, அப்போ எல்லோருக்கும் புரிந்தது" என்று போய்விடுவார்கள். புரியாதபோது எது புரியவில்லை என்றே தெரியாது. தெரிந்தாலும் 80 பேர் முன்னால் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முன்வரிசையில் நான்கு பேர் எப்போதும் பதில் சொல்வார்கள், வகுப்பு அந்த நான்கு பேரோடு நடந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒருவர் வேறு மாதிரி செய்தார். கேள்வியைப் பலகையில் எழுதுவார். "இரண்டு நிமிடம். யாரும் பேசக் கூடாது. நோட்டில் எழுதுங்கள்." அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பொதுவில் கேட்பார், அதுவும் "உங்கள் பதில் என்ன?" என்று கேட்க மாட்டார், "உங்கள் இருவருக்கும் எங்கே ஒத்துவரவில்லை?" என்பார். நான் அந்த வகுப்பில் செமஸ்டருக்குள் ஐந்து முறை பேசினேன். ஐந்தும் நினைவிருக்கிறது.

எட்டாம்பக்கம்:

அந்த "ஒரு நொடி" நீங்கள் மிகைப்படுத்திச் சொன்னது இல்லை, அமைதிப்பூனை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பள்ளி வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விநாடி! பலகை முன்னால் நிற்பவருக்கு அது ஒரு யுகம் மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

நீலமை:

நான் விரிவுரையாளர், பன்னிரண்டு ஆண்டுகளாக. மாணவர்கள் பேசும் இடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும்.

நீங்கள் மதிப்பதாகச் சொல்வதை எல்லாம் ஒரே தராசில்தான் எல்லோருக்கும் நிறுக்கிறீர்களா என்று ஒரு முறை யோசியுங்கள். 2015இல் வெளிவந்த ஒரு சிறிய சோதனை. இணையவழிப் பாடம், ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு பேர் நடத்தினார்கள். மாணவர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரு குழுவுக்குத் தம் சொந்தப் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். நடத்தியது யாராக இருந்தாலும், ஆண் பெயரைப் பார்த்த மாணவர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள். தாள்களை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். "தாமதமின்றித் திருத்தித் தருகிறார்" என்பதிலும் பெண் பெயருக்குக் குறைவுதான். அந்தச் சோதனையில் 43 மாணவர்கள்தான், அதை வைத்து உலகத்தை அளக்க மாட்டேன். ஆனால் என் படிவங்களில் "கண்டிப்பு அதிகம்", "சிரிப்பதே இல்லை" என்று வந்த அதே செமஸ்டரில், என்னைவிடப் பல மடங்கு கண்டிப்பான ஆண் ஆசிரியருக்கு "ஒழுங்கு மிக்கவர்" என்று வந்தது.

புதுச்சாக்பீஸ், உங்களுக்கு நான் சொல்வது: செமஸ்டர் முடிவில் வரும் படிவத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அதில் வரும் குறையை அந்த மாணவர்களுக்கு உங்களால் சரிசெய்ய முடியாது. நான்காவது வாரம் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் வேண்டாம், ஒரே கேள்வி: "எந்த இடத்தில் தொலைந்துபோனீர்கள்?" அடுத்த வகுப்பில் அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதையும் சொல்லுங்கள்.

பாதரசம்:

மேடம், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நான் ஐந்துக்கு ஐந்து போட்டவர்களை எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர். ஆறு பேரும் ஆண்கள். இதற்கு மேல் இன்று எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பழைய டஸ்டர்:

ஓய்வு பெற்று நான்கு ஆண்டு ஆகிறது. 31 ஆண்டு பாடம் எடுத்தவன். இந்த இழையை என் பேத்தி அனுப்பினாள்.

நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். என் விரிவுரை ஆற்றொழுக்காக இருக்கும். கை தட்டாத குறைதான். ஒரு நாள் வகுப்பு முடிந்து போகும்போது ஒரு பையன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது: "சார் நடத்தும்போது எல்லாம் புரிகிறது, நோட்டைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லை." அவன் என்னைப் பாராட்டித்தான் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். விடைத்தாள் திருத்துவதில். அதுவரை தப்பான விடைக்கு மேல் ஒரு கோடு, ஓரத்தில் மதிப்பெண். அப்புறம் விடையைத் திருத்துவதை விட்டேன். தாளை எழுதிய பையன் எந்த வரி வரைக்கும் சரியாக வந்திருக்கிறான் என்று பார்த்து, அந்த வரிக்குப் பக்கத்தில் "இதுவரை சரி" என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி. "இங்கே ஏன் வகுத்தாய்?" அவ்வளவுதான். நேரம் இரண்டு மடங்கு ஆனது. 60 தாள்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போகும். மனைவி திட்டுவாள்.

பிற்காலத்தில் பழைய மாணவர்கள் சந்திக்கும்போது என் ஆற்றொழுக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருத்தி அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறாள். "இதுவரை சரி" என்ற வார்த்தைக்காகவாம்.

அமைதிப்பூனை:

ஐயா, இதைப் படித்துவிட்டு என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் ஒரு தாளில் மட்டும்தான் மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதோ எழுதியிருக்கிறது. "கையெழுத்து மோசம்."

எட்டாம்பக்கம்:

ஐயா சொன்ன அந்தப் பையனின் வாக்கியம் ஹார்வர்டிலும் ஒருவரை எழுப்பியிருக்கிறது. எரிக் மசூர், இயற்பியலாளர். அங்கே 1984 முதல் பாடம் எடுத்தார், மாணவர்கள் நல்ல மதிப்பீடும் கொடுத்தார்கள். 1990 வாக்கில், விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். சூத்திரம் தேவைப்படாத, அன்றாட வார்த்தையில் உள்ள கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்! முடிவுகள் மோசம். பின்பு வகுப்பில் ஒரு கேள்வியை அவரே இரண்டு முறை விளக்கியும் ஏறவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். சில நிமிடங்களில் அவர்களே பிடித்துவிட்டார்கள். அமைதிப்பூனை சொன்ன "நோட்டில் எழுது, பக்கத்தவரிடம் காட்டு" முறைக்கு ஏறக்குறைய அதே வடிவத்தை அவர் 1991 முதல் தம் வகுப்பின் மையமாக ஆக்கினார்.

மூன்றாமாண்டு_இயற்பியல்:

இதில் எனக்குக் கோபமே வரும். "கலந்து பேசிக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து போன் பார்த்த ஆளிடம் நான் ஒரு முழு செமஸ்டர் படித்திருக்கிறேன். ஐந்து பேர் குழு, ஒருவர் வேலை செய்வார், நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒருவர் யார் என்று கேட்காதீர்கள். கற்பிப்பது அவர் வேலை. அதை எங்கள் தலையில் கட்டிவிட்டு நவீன முறை என்று பெயர் வைத்தால் எப்படி?

எட்டாம்பக்கம்:

உங்கள் கோபம் நியாயம்தான், அந்த ஆள் செய்தது கற்பித்தல் இல்லை. ஆனால் முறை ஒழுங்காக நடந்தாலும் மாணவர்களுக்கு அந்தக் கோபம் வரும் என்பதுதான் வேடிக்கை. ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் பாடத்தில் செய்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரே பாடப்பொருள், ஒரே தாள்கள். ஒரு பிரிவு தேர்ந்த விரிவுரையைக் கேட்டது, மற்றது குழுவாக உட்கார்ந்து தானே முட்டி மோதியது, ஆசிரியர் இடையிடையே உதவினார். அடுத்த வகுப்பில் பிரிவுகளை இடம் மாற்றினார்கள். இரண்டு முறையும் முட்டி மோதியவர்களே தேர்வில் அதிகம் எடுத்தார்கள். "எவ்வளவு கற்றீர்கள்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே அதிகம் கற்றதாகச் சொன்னார்கள்.

அதாவது வழுக்காமல் ஓடும் விரிவுரையைக் கேட்டால் நமக்கே வழுக்காமல் ஓடுவது போல ஒரு மயக்கம். இதை நீங்களே முதல் பதிவில் சொல்லிவிட்டீர்கள், ஆய்வு இல்லாமல்.

மூன்றாமாண்டு_இயற்பியல்:

என் வாயாலேயே என்னை மாட்டிவிட்டீர்கள். சரி. அப்படியானால் நாங்கள் மதிப்பதைக் கேட்டு விரிவுரையாளர் நடந்தால் நாங்களே கெட்டுப்போவோம் என்கிறீர்களா?

எட்டாம்பக்கம்:

எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்களை வகுப்புகளுக்குச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரிப்பார்கள், தேர்வும் எல்லோருக்கும் பொது. அதனால் ஆசிரியரின் விளைவைத் தனியே அளக்கலாம். 2010இல் வந்த கட்டுரையின்படி, முதல் நுண்கணிதப் பாடத்தில் மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், அடுத்த நிலைப் பாடங்களில் சறுக்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களுக்கு நேர் எதிர்: அவர்களின் மாணவர்கள் அந்தத் தேர்வில் குறைவாக எடுத்தார்கள், பிற்பாடு தேறினார்கள். என்னைக் கேட்டால், பிடிக்கிறதா என்று கேட்க வேண்டியது செமஸ்டர் முடிவில் இல்லை, இரண்டு ஆண்டு கழித்து.

நீலமை:

ஒரு திருத்தம், எட்டாம்பக்கம். இதைப் பிடித்துக்கொண்டு "என்னைப் பிடிக்காவிட்டால் நான் நல்ல ஆசிரியர்" என்று சொல்லித் திரியும் சக ஊழியர்களை எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடம் கடினமாக இருப்பது வேறு, ஆசிரியர் கடினமாக இருப்பது வேறு. இரண்டாவதற்கு எந்த ஆய்வும் துணை நிற்காது. 2019 சோதனை நடந்த அதே இடத்தில், ஏன் இப்படி நடத்துகிறோம் என்பதை செமஸ்டர் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் விளக்கிப் பார்த்தார்கள். மாணவர்களின் எண்ணம் மாறியது. முட்டி மோத வைக்கிறீர்கள் என்றால் எதற்கு என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

இரவுப்பறவை:

ஆமாம். கேட்பது அவ்வளவுதான். எங்களைப் பெரியவர்களாக நினைத்துக் காரணம் சொல்லுங்கள்.

புதுச்சாக்பீஸ்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐந்தாவது வாரம் முடிந்தது. கணக்கு ஒப்படைக்கிறேன்.

முதல் வகுப்பில் தேதித் தாள் கொடுத்தேன் (இரவுப்பறவைக்கு). அப்புறம் எல்லோரையும் நாணயம் எடுக்கச் சொன்னேன். "பத்து முறை சுண்டுங்கள். 7 அல்லது அதற்கு மேல் தலை விழுந்தால் அந்த நாணயம் கோணல் என்று சொல்லலாமா?" நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரைக்கும் வந்தேன், கால் நடுங்கியது. பெரும்பாலோர் "ஆம், கோணல்" என்று எழுதினார்கள். அன்று 76 பேர் வந்திருந்தார்கள், 12 பேருக்கு 7 அல்லது அதற்கு மேல் விழுந்தது. நேர்மையான நாணயத்திலேயே அது நடக்க 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு, 76 பேரில் 13 பேரை எதிர்பார்க்கலாம் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்னாலிருந்து ஒரு பெண், "அப்படியென்றால் எத்தனை விழுந்தால் கோணல் என்று சொல்வீர்கள்?" என்று கேட்டாள். அந்தப் பாடத்தை எட்டாவது வாரத்துக்கு வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் சொதப்பல். தயாரித்தது தீரவில்லை, கடைசி பதினைந்து நிமிடம் ஸ்லைடை வாசித்தேன். கடைசிவரிசை, மன்னிக்கவும்.

நான்காவது வாரம் துண்டுச் சீட்டு. வந்த 70 சீட்டுகளில் 31இல் ஒரே விஷயம்: மாதிரியின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கணக்கிடும்போது ஏன் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து வகுக்கிறோம்? நான் அதற்கு "கட்டின்மை எண்" (degrees of freedom) என்று ஒரு வார்த்தையைச் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கே அதை எளிதாகச் சொல்ல வரவில்லை. பழைய டஸ்டர் ஐயா, உதவுங்கள்.

பழைய டஸ்டர்:

மூன்று எண்கள், சராசரி 5 என்று சொல்லுங்கள். முதல் எண்ணை ஒரு மாணவர் சொல்லட்டும், 2 என்கிறார். இரண்டாவதை இன்னொருவர், 6 என்கிறார். மூன்றாமவரிடம் போய் "உங்களுக்குப் பிடித்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே சொல்லும், அவருக்கு 7ஐத் தவிர வழியில்லை என்று. சராசரியை அந்த எண்களிலிருந்தே எடுத்த பிறகு, விலக்கங்களில் இரண்டுக்குத்தான் சுதந்திரம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சராசரி அந்த மாதிரிக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் அதிலிருந்து அளக்கும் விலக்கங்களின் வர்க்கத் தொகை எப்போதும் முழுத் தொகுதியின் உண்மையான சராசரியிலிருந்து அளப்பதைவிடக் குறைவாகவே இருக்கும், அதிகம் போனால் சமமாக. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிறிய எண்ணால் வகுக்கிறோம். ஆனால் இதை முதல் நாளே சொல்லாதீர்கள். மூன்றாமவர் விழிப்பதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

புதுச்சாக்பீஸ்:

இன்று செய்தேன் ஐயா. மூன்றாமவராக நான் தேர்ந்தெடுத்த பையன் "எனக்கு 100 பிடிக்கும்" என்றான். வகுப்பு முழுக்க "உட்காருடா" என்று கத்தியது. அதற்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சீட்டுகளில் இன்னொன்றும் இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன். "கரும்பலகையின் வலது மூலை கடைசி வரிசைக்குத் தெரியவில்லை."

கடைசிவரிசை:

சத்தியமாக நான் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யுங்கள்.

புதுச்சாக்பீஸ்:

செய்துவிட்டேன். இப்போது இடது மூலை தெரியவில்லையாம்.